அவள் வீட்டுக்குப் போகக் கூடாத தபால்

சென்னையில் பெருங்குடி, சிறுசேரி, ராமாபுரம் என்று இரவெல்லாம் விளக்கெரியும் கட்டடங்கள் பலவற்றில் அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கோடிங், சார்ஜ் என்ட்ரி, பேமென்ட் போஸ்டிங், ஏ.ஆர். காலிங் என்று ஆளுக்கொரு பெயரில் வேலை. எல்லாம் சேர்ந்தால் ஒன்றுதான்: அங்கே ஒருவருக்குப் பார்த்த வைத்தியத்துக்கு யாரிடமிருந்தாவது பணம் வரவழைப்பது. இந்தத் தொழிலில் தலை நரைத்தவள் என்ற உரிமையில், அவசரப் பிரிவுக் கணக்குகளுக்குப் புதிதாக மாற்றப்பட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வகைக் கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு செய்யப்படும் தடய மருத்துவப் பரிசோதனை. பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கியிருப்பார்கள்; அதுவும் இல்லாத இடங்கள் உண்டு. மற்ற கணக்குகளில் பணத்தை யாரிடம் கேட்பது என்று படித்துவிட்டு வருகிறீர்கள். இதில் யாரிடம் கேட்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

1. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கணக்கைத் திறங்கள்.

உங்கள் திரையில் அது ஓர் அவசரப் பிரிவு வருகை, நாலைந்து வரி சார்ஜ். அறைக்குள் அது பல மணி நேரம். இதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியரை அங்கே சேன் நர்ஸ் என்பார்கள். அவர் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்கிறார், தலை முதல் கால் வரை பார்க்கிறார், காயங்களைப் படமெடுக்கிறார், பஞ்சுக்குச்சியில் மாதிரிகள் எடுக்கிறார், உடுத்தி வந்த துணியை உருப்படி உருப்படியாகக் காகிதப் பையில் போடுகிறார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சம்மதம் கேட்க வேண்டும். எந்த இடத்திலும் ‘போதும்’ என்று பேஷண்ட் நிறுத்திவிடலாம். கடைசியில் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைக்கிறார்கள்.

கிட் என்று சொல்லும் அந்தப் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. 1970களில் சிகாகோவில் மார்ட்டி கோடார்ட் என்ற பெண், ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாகத் தடயம் எடுத்து நீதிமன்றத்தில் வழக்கு நிற்காமல் போவதைப் பார்த்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு பெட்டி வேண்டும் என்று அலைந்து திரிந்து நிதி திரட்டினார். 1978இல் அது அந்த வட்டார மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் பெட்டிக்கு வைத்த பெயர் காவல் துறை ஆய்வகத்தில் இருந்த லூயி விட்டுல்லோவுடையது. உழைத்தது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. நம் அலுவலகங்களில் நடக்காததா என்ன.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே நடப்பதில் பெரும் பகுதி வைத்தியமே இல்லை; ஒரு குற்றத்துக்குச் சாட்சியம் சேகரிப்பது. வீடு புகுந்து திருடிவிட்டார்கள் என்றால் கைரேகை எடுக்க வந்த போலீஸ், பொடிக்கான காசை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. சாட்சியம் கிடைத்த இடம் ஒரு மனித உடம்பு என்பதற்காக அந்த உடம்புக்காரரிடம் பில் நீட்டுவது எந்த ஊர் நியாயம்? மாநில அரசு ஏன் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இவ்வளவுதான்.

2. சட்டத்தின் மூன்று ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்: 1994, 2005, 2013.

பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் 1994இல் வந்தது. அங்கே சுருக்கமாக வாவா என்பார்கள். அது மாநிலங்களை நேரடியாக மிரட்டவில்லை. ஸ்டாப் என்ற மத்திய மானியம் வேண்டுமானால், தடயப் பரிசோதனையில் பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்து போகக்கூடிய செலவு முழுவதையும் மாநிலமோ உள்ளாட்சியோ வேறோர் அரசு அமைப்போ ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. மானியத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

அப்போதும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. புகார் கொடுத்தால்தான் பணம் என்று பல இடங்களில் வைத்திருந்தார்கள். 2005 திருத்தம் அதை எடுத்தது; 2009 ஜனவரிக்குள் மாநிலங்கள் தங்கள் விதியை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தது. போலீஸிடம் போகாதவருக்கும், போய்ப் பின்வாங்கியவருக்கும் பரிசோதனை இலவசம். 2013இல் மிச்சமிருந்த ஓட்டையும் அடைபட்டது. அதுவரை, முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று சொல்ல மாநிலங்களுக்கு வழியிருந்தது. இப்போது அதுவும் கிடையாது.

இதெல்லாம் தாளில் சுலபமாக நடந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு அலாஸ்கா மாநிலம், பாதிக்கப்பட்டவரிடம் பரிசோதனைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டபோது, வசில்லா என்ற சிறிய ஊரின் போலீஸ் தலைவர் தம் ஊர் வரி செலுத்துவோருக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 14,000 டாலர் வரை கூடுதல் சுமை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஆட்சேபித்தார். அந்த ஊரின் அன்றைய மேயர் சாரா பேலின் 2008இல் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது அந்தப் பழைய செய்தி நாடு முழுக்க அடிபட்டது. ஓர் ஊரின் ஓராண்டுக் கணக்கு அதிகபட்சம் 14,000 டாலர். நம் ப்ராசஸில் ஒரே ஒரு பேஷண்டின் இதய அறுவை பில் அதைவிடப் பல மடங்கு வரும்.

புதிதாக வருகிற பிள்ளைகள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘நம் ஊரில் எப்படி அக்கா?’ இங்கேயும் 2013 முதல் சட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. ஆனால் இங்கே அந்தக் கடமை மருத்துவமனையின் தலையில். அங்கே மருத்துவமனைக்கு அரசு பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தைக் கேட்டு எழுத ஒருவர் வேண்டும். அதுதான் உங்கள் நாற்காலி.

3. சட்டம் ஒன்று, கல்லா ஐம்பது.

நியூயார்க்கில் பணம் கொடுப்பது பாதிக்கப்பட்டோர் சேவை அலுவலகம். டெக்சஸில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம். இல்லினாயில் மருத்துவ உதவித் திட்டங்களைப் பார்க்கும் அரசுத் துறை. இன்னும் சில இடங்களில் கவுண்டியோ காவல் துறையோ. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு நிதியிலிருந்து கொடுக்கும் மாநிலங்கள்தாம் அதிகம். எத்தனை நேரத்துக்குள் தடயம் எடுத்திருக்க வேண்டும் என்பதிலும் ஒற்றுமை கிடையாது: நியூயார்க்கில் 96 மணி நேரம், டெக்சஸில் 120 மணி நேரம், இல்லினாயில் ஏழு நாள்.

ஆகவே ஒரு மாநிலத்தில் கைப்பழக்கமான பிள்ளை இன்னொரு மாநிலத்துக்கு மாறினால் முதல் வாரம் கணக்கைத் தொட வேண்டாம், படிக்கட்டும் என்று டீம் லீடர்களிடம் சொல்வேன். புரொடக்‌ஷன் எண்ணிக்கை குறையும் என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மாநிலத்துக்கு ஒரு பக்கம் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் கொடுக்கிறார்கள், எந்தப் படிவம், எத்தனை நாளுக்குள், எவ்வளவு உச்சவரம்பு, எதெல்லாம் உள்ளே எதெல்லாம் வெளியே. ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த மாநிலத்தின் சட்டப்பக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற எக்செல் ஷீட்டை நம்பி நடக்காதீர்கள்.

4. பரிசோதனை எங்கே முடிகிறது, வைத்தியம் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டில்தான் எல்லாத் தகராறும்.

இந்த ஒன்றை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

மத்திய விதி தடயப் பரிசோதனைக்குக் குறைந்தபட்சமாக நான்கைச் சொல்கிறது: நடந்ததைக் கேட்டறிதல், தலை முதல் கால் வரை உடற்காயம் பார்த்தல், கண்டதைப் பதிவு செய்தல், சாட்சியம் சேகரித்தல். இந்த நான்குக்கும் எந்த மாநிலத்திலும் பேஷண்டிடம் ஒரு காசு கேட்கக் கூடாது. அதற்கு மேலே உள்ளவை, அதாவது பால்வினை நோய்ச் சோதனை, கர்ப்பச் சோதனை, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே, தையல் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தாராளமான மாநிலம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொள்ளும். கஞ்ச மாநிலம் நான்கோடு நிறுத்தும்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். அங்கே அதன் விலை ஆளை மிரட்டும். நியூயார்க்கில் பெரியவர்களுக்கு மருத்துவமனை கையில் கொடுத்தனுப்புவது ஏழு நாளைக்கான தொடக்கப் பொட்டலம். மீதி மூன்று வாரத்துக்கு வேறொரு விண்ணப்பம். முதல் வாரம் தீர்ந்து இரண்டாவது வாரத்துக்கு மருந்துக் கடையில் அட்டையைக் கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? பாதியில் விட்டால் முதல் வாரம் சாப்பிட்டதற்கும் பயனில்லாமல் போகும். அந்த இரண்டாவது விண்ணப்பம் உங்கள் வேலையில் சேராமல் இருக்கலாம். அது நகர்ந்ததா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளருக்கு ஒரு வரி அனுப்பிக் கேட்பதை யாரும் தடுக்கவில்லை.

கோடு தெளிவாக இல்லாததால் என்ன ஆகிறது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2018இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஏழு மருத்துவமனைகளோடு சமரச ஒப்பந்தம் போட்டது. அவை 200க்கும் மேற்பட்டவர்களுக்குச் சட்டத்தை மீறி பில் அனுப்பியிருந்தன. நாடளவில் இன்னும் மோசம். 2019ஆம் ஆண்டின் அவசரப் பிரிவுக் கணக்குகளை ஆராய்ந்து 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, பாலியல் வன்கொடுமைக்காக வந்தவர்களில் காப்பீடு இல்லாதவர்கள் மீது சராசரியாக 3,600 டாலருக்கு மேல் கட்டணம் எழுதப்பட்டிருப்பதைக் காட்டியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு.

இந்த பில்களை எல்லாம் யாரோ ஒரு கெட்டவன் உட்கார்ந்து அனுப்பவில்லை. சார்ஜ் ஷீட்டில் தடயப் பரிசோதனை வரி மட்டும் மாநிலக் கணக்குக்குப் போகிறது. லேப் வரியும் மருந்து வரியும் அவசரப் பிரிவு வருகைக் கட்டணமும் பழைய கணக்கிலேயே தங்கிவிடுகின்றன. முப்பதாம் நாள் மென்பொருள் மிச்சத்தைப் பார்க்கிறது, செல்ஃப் பே என்று குறிக்கிறது, ஸ்டேட்மென்ட் அடிக்கிறது. யார் கையும் படாமல் உறை தபாலில் போய்ச் சேர்கிறது. அதனால் ஒரு வரியை மாநிலத்துக்கு நகர்த்தும்போதே மீதி வரிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். எங்கே சேர்ப்பது என்று முடிவாகும்வரை கணக்கு முழுவதையும் ஹோல்டில் போடுங்கள்.

5. ஒரு வருகைக்கு ஒரு பில் என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம்.

அங்கே மருத்துவமனை தன் கட்டணத்தை யுபி-04 படிவத்தில் தனியாகக் கேட்கும். அவசரப் பிரிவு டாக்டர் பெரும்பாலும் வேறொரு டாக்டர் குழுவின் ஆள். அவருடைய கட்டணம் சிஎம்எஸ்-1500 படிவத்தில் இன்னொரு கம்பெனி வழியாகப் போகும். எக்ஸ்ரே பார்த்து அறிக்கை எழுதியவர் மூன்றாவது. வெளி லேப் நான்காவது. ஆம்புலன்ஸ் ஐந்தாவது. மருத்துவமனையின் பதிவு மேஜையில் ஒருவர் இந்தப் பேஷண்டின் கணக்கில் மாநிலத் திட்டம் என்று அடையாளம் போட்டிருப்பார். அந்த அடையாளம் டாக்டர் குழுவுக்குப் போகும் தகவல் கோப்பில் சில சமயம் ஏறாது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது பெயர், முகவரி, காப்பீடு இல்லை என்பது மட்டும்.

வேடிக்கை என்னவென்றால் மருத்துவமனைக் கணக்கு நம் கட்டடத்தில் இருக்கும், டாக்டர் குழுவின் கணக்கு எதிர்க் கட்டடத்தில் இருக்கும். டீக்கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று வடை சாப்பிடுவார்கள். ஆனால் ஒருவர் கணக்கை ஒருவர் பேசக் கூடாது, ஒப்பந்தம் அப்படி. பேசவும் வேண்டாம். அதற்கு முறையான வழி உண்டு: மருத்துவமனையின் வருவாய்ப் பிரிவுக்கு அன்றைய பட்டியலை அனுப்பி, அவர்கள் வழியாக ஒவ்வொரு வெளிக் கணக்குக்காரருக்கும் ‘பேஷண்டுக்கு அனுப்பாதே, மாநிலத்துக்கு அனுப்பு’ என்று தகவல் போகச் செய்வது. மாநிலத் திட்டத்தின் படிவமும் விலாசமும் அதோடு போக வேண்டும். தகவல் சேர்ந்ததா என்று பதில் வாங்கி வையுங்கள். பதிவு மேஜை அடையாளம் போட மறந்த கணக்குகளுக்காக, கிட் சார்ஜையும் நோயறிதல் குறியீட்டையும் வைத்து ஒவ்வோர் இரவும் தேடிப் பிடிக்க ஒரு ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். ஐ.டி. பிரிவு இழுத்தடிக்கும், விடாதீர்கள்.

6. குறியீடு போடுகிறவர் நீதிபதி இல்லை.

டி 74.21 என்றால் பெரியவர் மீதான பாலியல் கொடுமை, உறுதியானது. டி 76.21 என்றால் சந்தேகம். இசட் 04.41, பெரியவருக்கு அப்படியொரு புகாரை ஒட்டிச் செய்த பரிசோதனை, இசட் 04.42 குழந்தைக்கு. எது என்பதை மருத்துவக் குறிப்பு சொல்ல வேண்டும். குறிப்பில் தெளிவில்லை என்றால் டாக்டருக்குக் கேள்வி அனுப்புங்கள், ஊகிக்காதீர்கள். மாநிலத் திட்டத்தின் கையேடு எந்தக் குறியீட்டை எதிர்பார்க்கிறது என்பதையும் பாருங்கள்.

சில பிள்ளைகள் ‘காயம் எதுவும் இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு, அப்படியானால் நடக்கவே இல்லை போல என்று தாங்களாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். காயமில்லாமல் இருப்பது சாதாரணம். அதை வைத்து மருத்துவர் கூடத் தீர்ப்பு எழுதுவதில்லை.

7. காப்பீடு இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்.

வேறு கணக்கில் காப்பீட்டைக் கண்டுபிடித்தால் டீம் லீடர் தட்டிக்கொடுப்பார். இங்கே அது ஆபத்து. அமெரிக்காவில் 26 வயதுவரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். காப்பீட்டு நிறுவனம் க்ளெய்மைப் பார்த்து முடித்ததும் ஈ.ஓ.பி. என்ற விவரத்தாளைக் காப்பீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அனுப்பும். கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு நேர்ந்தது, அவள் சொல்வதற்கு முன்னால் அப்பாவுக்குத் தபாலில் தெரியும். கொடுமை செய்தவன் கணவனாக இருந்து, காப்பீடும் அவன் பெயரில் இருந்தால்? அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நியூயார்க்கில் காப்பீட்டு விவரம் தர வேண்டாம் என்று சொல்லும் உரிமை பேஷண்டுக்கு உண்டு. அதை வாயாலும் எழுத்தாலும் மருத்துவமனை தெரிவித்தாக வேண்டும். அவராக விரும்பிக் காப்பீட்டைக் கொடுத்தாலும் கோ-பே, டிடக்டிபிள் எதையும் அவர் தலையில் கட்டக் கூடாது. மற்ற மாநிலங்களின் விதியை உங்கள் பக்கத்தில் எழுதி வையுங்கள். காப்பீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: 2013ஆம் ஆண்டின் தனியார் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பார்த்த ஓர் ஆய்வில், காப்பீடு இருந்த பெண்களே தங்கள் கையிலிருந்து சராசரியாக 948 டாலர் கொடுத்திருந்தார்கள், மொத்தச் செலவில் 14 சதவீதம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இப்போது பல மருத்துவமனைகள் காப்பீடு தேடும் மென்பொருள் வைத்திருக்கின்றன. செல்ஃப் பே கணக்கு என்றால் அது இரவோடு இரவாகத் தேடி, பேஷண்ட் மறைத்த காப்பீட்டைக்கூடக் கண்டுபிடித்துத் தானே க்ளெய்ம் அனுப்பிவிடும். இந்த வகைக் கணக்குகளை அந்தத் தேடலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.

8. குறைவாகக் கொடுத்தாலும் கேட்டு வாங்குங்கள். மிச்சத்தை மறந்துவிடுங்கள்.

நியூயார்க்கில் வெகு காலம் ஒரு பரிசோதனைக்கு 800 டாலர் என்றே இருந்தது. மருத்துவமனையின் சார்ஜ் அதைப்போல நாலைந்து மடங்கு நிற்கும். மாநிலம் கொடுத்ததை முழுத்தொகையாக எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ள வேண்டும். பேஷண்டிடம் வித்தியாசத்தைக் கேட்க வழியில்லை. தள்ளும்போது வாராக்கடன் என்ற குறியீட்டில் தள்ளாதீர்கள். வாராக்கடன் என்று எழுதினால் அது ஒரு நாள் வசூல் ஏஜென்சியின் பட்டியலில் ஏறும். மாநிலத் திட்டச் சரிக்கட்டல் என்று தனிக் குறியீடு கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சில நூறு டாலருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, ஒரே வழியாகத் தள்ளிவிட்டால் பேஷண்டுக்கும் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் கணக்கு தப்பு. பயிற்சி பெற்ற செவிலியரை எந்நேரமும் அழைத்தால் வரும்படி வைத்திருக்கப் பணம் செலவாகும். 2016இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் ஆறு மாநிலங்களில் விசாரித்தபோது, இத்தகைய செவிலியர் தேவையான அளவுக்கு இல்லை என்றே அறிந்தது. கிராமப்புறத்தில் ஒரு மருத்துவமனை இந்தச் சேவை நஷ்டம் என்று மூடினால், அடுத்து வரும் பெண் குளிக்காமல், உடை மாற்றாமல், பல மணி நேரம் காரில் போக வேண்டும். நீங்கள் கேட்காமல் விட்ட பணமும் அந்த நஷ்டக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது. மாநிலங்கள் கொடுப்பது போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகக் கொடுப்பதையும் விடுவதா?

9. க்ளெய்மோடு எதை அனுப்பக் கூடாது என்று தெரிந்திருக்கட்டும்.

படம், உடல் வரைபடம், பேஷண்ட் வாய்மொழியாகச் சொன்ன விவரம் எதுவும் பணம் கேட்கும் தாளோடு போகக் கூடாது. மாநிலப் படிவம் கேட்பதை மட்டும் கொடுங்கள். முழு மருத்துவக் குறிப்பையும் இணைத்துவிட்டால் டினையல் வராது என்பது இன்சூரன்ஸ் வேலையில் வந்த பழக்கம். இங்கே அது வேண்டாம். போலீஸ் வழக்கு எண் இல்லை என்று மறுத்து வந்தால், 2005 திருத்தத்தையும் அந்த மாநிலத்தின் விதியையும் குறிப்பிட்டு அன்றைக்கே மேல்முறையீடு எழுதுங்கள். புகார் கொடுக்காதவரின் கிட் பெயரில்லாமல் எண்ணோடு மட்டும் இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே பெயரைக் கேட்டு மருத்துவமனையைத் துளைக்காதீர்கள்.

10. குழந்தைகள் கணக்கு வந்தால் மேலே அனுப்பிவிடுங்கள்.

அதற்கு வேறு விதிகள், வேறு மையங்கள், வேறு பாதுகாவலர் சிக்கல்கள். ஈ.ஓ.பி. போகும் அப்பாவே குற்றவாளியாக இருக்கலாம். அனுபவம் வந்த பிறகு தொடலாம்.

11. பேஷண்டே போன் செய்தால்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் பில் போயிருக்கும், அவர் அழைப்பார். உங்களுக்கு இரவு, அவருக்குப் பகல். குரல் கோபமாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம். ‘என்ன சிகிச்சைக்காக வந்தீர்கள்’ என்று ஸ்கிரிப்டில் இருக்கும் கேள்வியைக் கேட்காதீர்கள். கணக்கு எண்ணை வைத்துத் திரையில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: இந்த பில் உங்களுக்கு வந்திருக்கக் கூடாது, மன்னியுங்கள், நீங்கள் கட்ட வேண்டாம், என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்கள் லைனில் இருக்கும்போதே இதை நிறுத்துகிறேன். அப்படியே நிறுத்துங்கள். பிறகு பார்க்கிறேன் என்பது இந்தக் கணக்கில் கிடையாது.

அவர் பயந்துபோய் ஏற்கெனவே கொஞ்சம் கட்டியிருந்தால் ரீஃபண்டுக்கு எழுதுங்கள். ஏஜென்சிக்குப் போயிருந்தால் திரும்ப அழைத்து, கடன் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பி அழைக்க வேண்டியிருந்தால் எந்த எண்ணில், எந்த நேரத்தில், வாய்ஸ் மெயில் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வாய்ஸ் மெயிலில் பரிசோதனை, அவசரப் பிரிவு என்ற பேச்சே வரக் கூடாது; அந்த போனை வேறு யாராவது எடுத்துக் கேட்கலாம். முக்கால்வாசிப் பேர் பெண் குரல் என்றால் சற்று இளகுவார்கள். அதற்காக இந்த அழைப்புகளை எல்லாம் பெண் பிள்ளைகளிடமே தள்ளிவிடும் டீம் லீடர்களை எனக்குப் பிடிக்காது. பேஷண்டுகளில் ஆண்களும் இருக்கிறார்கள். தம்பிகளும் பழகட்டும்.

12. தேவைக்கு மேல் படிக்காதீர்கள்.

க்ளெய்முக்கு வேண்டியது தேதி, குறியீடு, தொகை. செவிலியரின் விரிவான குறிப்பைத் திறந்து ராத்திரி இரண்டு மணிக்கு முழுசாகப் படிக்க உங்களுக்கு வேலையும் இல்லை, உரிமையும் இல்லை. யார் திறந்தார்கள் என்பது பதிவாகும். படித்த பிள்ளைகள் விடிகாலை கேபில் தனியாக வீட்டுக்குப் போகப் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். மனசில் தங்கினால் ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கேண்டீனில் இந்தக் கணக்குகளைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும்தான்.

13. கணக்குக் குறிப்பை எப்படி எழுதுவது.

உங்களுக்குப் பிறகு அதே கணக்கைப் பலர் திறப்பார்கள். நாளைக்கு அந்தப் பேஷண்டே தன் பதிவைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அதனால் நடந்த கொடுமையின் பெயரைக் குறிப்பில் எழுதாதீர்கள். மாநிலத் திட்டத்தின் பெயர், க்ளெய்ம் அனுப்பிய தேதி, எந்தெந்த வெளிக் கணக்குக்காரருக்குத் தகவல் போனது, யார் பதில் சொன்னார், ஸ்டேட்மென்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பது போதும். அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியைக் கட்டாயம் போடுங்கள், முப்பதாம் நாளுக்கு முன்னால் வரும்படி. ஹோல்டுக்கும் காலாவதி உண்டு. பல மென்பொருள்களில் அது தானாக அவிழ்ந்துவிடும். லீவில் போகிறவர்கள் தங்கள் ஹோல்டுப் பட்டியலை யாரிடமாவது பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் நாம் இல்லாவிட்டாலும் அங்கே ஸ்டேட்மென்ட் அச்சடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.